உருளைக்கிழங்கு அச்சு ஏன் கலங்குகிறது? தீபாவளித் துணிகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் பட்டணத்துத் துணிக்கடைகளின் அஞ்சடியில் (கடைமுன் நடைபாதையில்) மேசை விரிப்புகளும் திண்டு உறைகளும் குவிந்துவிடும். அவற்றை வாங்கிப் போடுவதில் குறையொன்றும் இல்லை. ஆனாலும் திறந்த இல்ல உபசரிப்புக்கு வருகிறவர் முறுக்கை எடுக்கக் குனியும்போது, விரிப்பின் ஓரத்தில் அந்த வீட்டுப் பிள்ளைகள் கையால் பதித்த மாங்காய் வரிசையைக் கண்டு ஒரு கணம் நின்றுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த ஒரு கணத்துக்காகவே, பல ஆண்டுகளாக வார இறுதிகளில் கோயில் மண்டபத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய தாய்மார்களுக்கும் காய்கறி அச்சு வேலையைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

முறை எளிமையானதுதான். கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தில் வடிவத்தைச் செதுக்கி, துணிக்கென்றே விற்கப்படும் ஃபேப்ரிக் பெயிண்ட்டை அதன்மேல் ஒற்றி, துணியில் அழுத்தி எடுத்து, காய்ந்த பிறகு இஸ்திரி போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் முதல் முறை செய்கிறவர்களின் துணியில் பாதியாவது ஏதாவது ஒரு வகையில் பிழைபட்டே வருகிறது. அப்பிழைகளில் பெரும்பாலானவை தண்ணீரால் வருபவை என்பது என் அனுபவம். உருளைக்கிழங்கின் எடையில் ஏறத்தாழ 80 விழுக்காடு தண்ணீர். கேரட்டிலும் முள்ளங்கியிலும் அது இன்னும் கூடுதல். அதோடு துணியில் ஈரம் இருக்கிறது, வண்ணத்தில் ஈரம் இருக்கிறது, ஐப்பசி மாதத்துக் காற்றிலும் ஈரம் இருக்கிறது. ஆகவே கீழே எந்தப் பிழையைத் தேடி வந்திருந்தாலும், வேண்டாத தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். அச்சிடப் போகும் அதே துணியில் ஒரு முழத் துண்டை வெட்டித் தனியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாற்றத்தையும் அதில் பதித்துப் பார்த்து, என்ன மாற்றினோம் என்பதைப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். கிழங்கையும் வண்ணத்தையும் அடித்துணியையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது பிழையை நீக்கியது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

அச்சு நடுவில் மட்டும் அல்லது ஓரத்தில் மட்டும் விழுகிறது

வெட்டிய முகம் சமதளமாக இல்லை என்பதே இதற்குக் காரணம். சிறிய கத்தியால் முன்னும் பின்னும் அறுக்கும்போது கிழங்கின் முகம் நடுவில் மேடாகிவிடுகிறது. அது கண்ணுக்குத் தெரியாது, துணியில்தான் தெரியும். கிழங்கைவிட அகலமான கத்தியை எடுத்து, கிழங்கு உருளாதபடி அடியில் ஈரத்துணி வைத்து, ஒரே அழுத்தில் கீழே இறக்கி வெட்டுங்கள். வெட்டிய முகத்தைக் கண்ணாடியிலோ வழவழப்பான தட்டிலோ வைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இன்னொரு மெல்லிய வில்லையைச் சீவி எடுங்கள். வடிவத்தைச் செதுக்கிய பிறகு இதைத் திருத்த முடியாது என்பதால் இந்தச் சோதனையை முதலிலேயே செய்துவிட வேண்டும்.

முகம் சமமாக இருந்தும் அச்சு அரைகுறையாக விழுந்தால், அடியில் இருக்கும் மேசையைக் கவனியுங்கள். வெறும் பலகையின்மேல் துணியை விரித்து அச்சிடுவது சரிவராது. பழைய போர்வையை நான்காக மடித்து விரித்து, அதன்மேல் பழைய வேட்டி ஒன்றைப் போட்டு, அதற்குமேல் துணியை விரித்தால், கிழங்கின் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் துணி சற்றே அமுங்கிக்கொடுக்கும். இராஜஸ்தானத்து மரக்கட்டை அச்சுத் தொழிலாளர்களும் மேசைமேல் பல அடுக்குத் துணி விரித்தே வேலை செய்கிறார்கள். செய்தித்தாளை நேரடியாகத் துணிக்கு அடியில் வைக்க வேண்டாம். அதன் மை வெள்ளைத் துணியில் ஒட்டிக்கொள்ளும்.

ஓரம் கலங்கி வண்ணம் பரவுகிறது

என்னிடம் வருகிற துணிகளில் அதிகம் காணும் பிழை இதுதான். பரவல் என்று ஒரே சொல்லால் சொன்னாலும் இது மூன்று விதமாக வரும். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. ஆகையால் துணியைச் சன்னல் வெளிச்சத்தில் கண்ணருகே பிடித்து எந்த விதம் என்பதை முதலில் பிரித்தறியுங்கள்.

முதல் விதத்தில், அச்சின் ஓரம் தெளிவாகவே இருக்கும். ஆனால் அதைச் சுற்றி அரை விரல் அகலத்துக்கு வெளிறிய ஒரு வளையம் படர்ந்திருக்கும். சென்ற ஆண்டு ஓர் இளம் தாய் இப்படிப்பட்ட துணியைக் கொண்டுவந்து, வண்ணம் மட்டமானது என்று வருந்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் அமர்ந்திருந்த பாட்டி ஒருவர், நாற்பது ஆண்டுகள் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர், துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது சாயத்தோட குத்தம் இல்லம்மா, கிழங்குத் தண்ணி. மங்குல மழைத்தண்ணி விழுந்தா பால் ஓரத்துல இப்படித்தான் வெளுத்துப் போகும்" என்றார். மங்கு என்பது மரத்திலிருந்து வடியும் பாலைப் பிடிக்கும் கிண்ணம். அவர் சொன்னது முற்றிலும் சரி. அழுத்தும்போது கிழங்கின் உள்ளிருந்து பிதுங்கும் தண்ணீர், வண்ணத்தில் ஒரு பகுதியைக் கரைத்துக்கொண்டு நூலின் வழியே வெளியே ஓடுகிறது.

இதற்குத் தீர்வு கிழங்கை வடியவிடுவது. செதுக்கி முடித்ததும் முகத்தைச் சுத்தமான தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். அப்போது பால்போல வெளியேறுவது மாவுச்சத்து. அதைப் போக்கவே அலசுகிறோம். பிறகு மடித்த பருத்தித் துணியின்மேல் முகத்தைக் கவிழ்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். துணியில் ஈரத்தடம் தெரியும். கிழங்கை உலர்ந்த இடத்துக்கு நகர்த்தி இன்னும் பத்து நிமிடம் வையுங்கள். கடைசியாக ஒரு டிஷ்யூ தாளில், வண்ணம் தடவாமலே, அச்சிடுவது போல அழுத்தி எடுங்கள். தாளில் ஈரம் பதியாதபோதுதான் கிழங்கு வேலைக்குத் தயார். உப்புத் தூவினால் தண்ணீர் விரைவில் வெளியேறும் என்று சிலர் செய்கிறார்கள். தண்ணீர் வெளியேறுவது உண்மைதான். ஆனால் அதோடு கிழங்கும் துவண்டு, செதுக்கிய கூர்மை போய்விடுகிறது. அதை நான் பரிந்துரைப்பதில்லை.

இரண்டாம் விதத்தில், அச்சின் ஓரத்திலிருந்து மெல்லிய மயிரிழைகள் போல வண்ணம் நெடுக்கு நூலிலும் குறுக்கு நூலிலும் ஓடியிருக்கும். வண்ணத்தில் தண்ணீர் கலந்திருக்கிறது, அல்லது துணி முழுமையாகக் காயவில்லை என்பதே இதன் பொருள். ஃபேப்ரிக் பெயிண்ட் கெட்டியாகத் தெரிகிறது என்று தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் பலருக்கும் உண்டு. நீர்வண்ணத்தில் ஓவியம் தீட்டிப் பழகிய பிள்ளைகள் கேட்காமலே ஊற்றிவிடுகிறார்கள். கெட்டியாக இருப்பதால்தான் அது நூலில் ஓடாமல் வைத்த இடத்தில் நிற்கிறது. மென்மையாகப் பரவ வேண்டுமானால், தட்டில் மெல்லியதாகத் தடவி ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள், தண்ணீரைச் சேர்க்காதீர்கள். துணியைப் பொறுத்தவரை, மழை நாளில் கொடியில் கிடந்த துணி கைக்குக் காய்ந்தது போலத் தோன்றினாலும் உள்ளே ஈரம் இருக்கும். அச்சிடுமுன் ஒருமுறை இஸ்திரி போட்டு, சூடு ஆறியபின் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

மூன்றாம் விதத்தில், அச்சின் நடுப்பகுதி வெளிறியும் ஓரம் தடித்த வரப்பு போலவும் இருக்கும்; விரலால் தடவினால் அந்த வரப்பு தட்டுப்படும். கிழங்கை வண்ணத்தில் முக்கி எடுப்பதால் இது நேர்கிறது. அளவுக்கு மீறிய வண்ணம் அழுத்தத்தில் பக்கவாட்டில் பிதுங்கி ஓரத்தில் சேர்கிறது. எப்போதும் கிழங்கை மேல்நோக்கிப் பிடித்து, ஸ்பாஞ்சுத் துண்டால் வண்ணத்தை அதன்மேல் ஒற்றுங்கள். செதுக்கிய பள்ளங்களில் வண்ணம் இறங்காமல் மேட்டில் மட்டும் மினுக்கமாகத் தெரிந்தால் அளவு சரி.

திட்டுத் திட்டாக, புள்ளி விட்டு விழுகிறது

புதிய துணியில் இந்தப் பிழை வந்தால் கஞ்சியைச் சந்தேகியுங்கள். கடையிலிருந்து வரும் பருத்தித் துணியில், குறிப்பாக வெளுக்காத பிலாச்சுத் துணியில், நெசவின்போது பூசிய கஞ்சி தங்கியிருக்கும். துணியின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் கவலையில்லை. முத்துப்போல உருண்டு நின்றால் வண்ணமும் அப்படியேதான் நிற்கும். வெந்நீரில் சோப்புத்தூள் போட்டுத் துவைத்து, நன்றாக அலசி எடுங்கள். துணிக்கு மணமும் மென்மையும் தருவதற்காகக் கடைசி அலசலில் ஊற்றும் திரவத்தை இந்த ஒரு முறை தவிர்த்துவிடுங்கள். அது நூலின்மேல் மெழுகு போன்ற பூச்சை விட்டுச் செல்கிறது. முதல் துவையலிலேயே பருத்தி சற்றுச் சுருங்கிவிடும் என்பதால், மேசைக்கு அளவெடுத்து வெட்டுவதையும் துவைத்த பிறகே செய்ய வேண்டும்.

துவைத்த துணியிலும் திட்டு வந்தால், கையில் இருக்கும் எண்ணெயைக் கவனியுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு துணியை நீவிவிட்டால், விரல் பட்ட இடமெல்லாம் வண்ணம் பிடிக்காது. பலகாரம் சுடும் நாளில் அதே மேசையில் அச்சு வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

எல்லாத் திட்டையும் பிழை என்று சொல்லிவிட முடியாது. வண்ணம் ஒரே சீராக விழுந்த அச்சு இயந்திரத்தில் அடித்தது போலிருக்கும். கையின் அழுத்தம் கூடிக்குறைந்து சற்றே மங்கித் தெரியும் அச்சில்தான் கைவேலையின் அழகு இருக்கிறது என்பது என் கருத்து. வடிவம் இன்னதென்று மூன்றடி தொலைவிலிருந்து தெரிந்தால், அந்த அச்சை அப்படியே விட்டுவிடுங்கள்.

நுண்ணிய கோடுகள் அடைபட்டுப் போகின்றன

மயில் தோகையில் கண் செதுக்கியிருப்பார்கள். முதல் இரண்டு அச்சில் தெரிந்த கண் மூன்றாவதில் மறைந்துவிடும். பள்ளம் அரை சென்டிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். கத்தியை நேராக இறக்காமல், மேடு அடியில் அகன்று மேலே குறுகும்படி வெளிப்பக்கமாகச் சாய்த்துச் செதுக்குங்கள். உட்பக்கமாகச் சாய்ந்தால் மெல்லிய கோடு அழுத்தத்தில் ஒடிந்துவிடும். ஏழெட்டு அச்சுக்கு ஒருமுறை பழைய பல்துலக்கியால் பள்ளத்தைத் துடைத்துவிடுங்கள். தண்ணீரில் கழுவினால் மறுபடியும் வடியவிட வேண்டியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். தீக்குச்சியைவிட மெல்லிய கோடு கிழங்கில் நிலைக்காது. அப்படிப்பட்ட நுணுக்கத்தை, அச்சு காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் வரைந்துகொள்வதே நல்லது.

எழுத்து இடவலம் மாறி விழுகிறது

‘தீபாவளி வாழ்த்துகள்’ என்று செதுக்க விரும்புகிறவர்கள் அனைவரும் ஒருமுறையாவது இந்தத் தவறைச் செய்கிறார்கள். அடுமனைத் தாள் போன்ற மெல்லிய தாளில், மென்மையான பென்சிலால் எழுத்தை வழக்கம்போல நேராக எழுதுங்கள். எழுதிய பக்கம் கிழங்கின் முகத்தில் படும்படி கவிழ்த்து, பின்புறம் விரல் நகத்தால் தேயுங்கள். பென்சில் தடம் தானாகவே இடவலம் மாறிக் கிழங்கில் பதியும்; அதன்படி செதுக்கினால் துணியில் நேராக விழும். ‘ழ’வின் சுழியும் ‘ள’வின் வளைவும் கிழங்கில் கடினம். கொம்பும் காலும் இல்லாத ‘ஓம்’ போன்ற குறுஞ்சொல்லோடு தொடங்கினால் கை பழகும். தாளை எறிந்துவிடாமல் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கிழங்குக்கும் அது தேவைப்படும்.

இரட்டை நிழலும் கோணல் வரிசையும்

அச்சுக்குப் பக்கத்திலேயே மங்கலான இன்னொரு அச்சு தெரிந்தால், அழுத்தும்போதோ எடுக்கும்போதோ கிழங்கு நகர்ந்திருக்கிறது. வண்ணம் பட்ட விரல்களால் வழவழப்பான கிழங்கைப் பிடிப்பது கடினம். கிழங்கின் முதுகை இரு பக்கமும் சீவி, நடுவில் ஒரு விரற்கடை கனத்துக்குக் கைப்பிடி போல விட்டுவிடுங்கள். துணியின் நான்கு மூலைகளையும் ஒட்டுநாடாவால் மேசையோடு இழுத்து ஒட்டுங்கள். நேராக இறக்கி, உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி, மூன்று எண்ணும்வரை நிறுத்தி, மற்றொரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு கிழங்கை நேராக மேலே எடுங்கள். உருட்டுவதும் ஆட்டுவதும் கூடாது.

வரிசை கோணலாவதற்குத் தீர்வு நம் வாசலிலேயே இருக்கிறது. புள்ளிக் கோலம் போடுகிறவர் எவரும் கோட்டிலிருந்து தொடங்குவதில்லை. முதலில் புள்ளிகளை வைத்துவிட்டு, பிறகே இழுக்கிறார். துணியை நீளவாட்டில் ஒருமுறையும் அகலவாட்டில் ஒருமுறையும் மடித்து நடுப்புள்ளியைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து வெளிப்பக்கமாக, அச்சின் அகலத்துக்குத் தையற்காரர் சுண்ணாம்புக் கட்டியால் புள்ளிகளை வைத்துக்கொண்டு போங்கள். நடுவிலிருந்து தொடங்கினால், கடைசியில் மிஞ்சும் அரை அச்சு இடம் இரண்டு ஓரத்திலும் சமமாகப் பங்கிடப்படும். மூலையிலிருந்து தொடங்கினால் அந்தக் குறை முழுவதும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். ஒன்பது புள்ளிக் கோலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் தாய்மார்கள், அடிக்கோலை வைத்துத் தடுமாறியவர்கள், புள்ளி என்று சொன்னதும் பத்தே நிமிடத்தில் விரிப்பு முழுவதையும் அளந்து முடித்ததைக் கண்டு நான் நெகிழ்ந்திருக்கிறேன்.

பாதி வேலையில் அச்சு தளர்ந்துவிடுகிறது

உருளைக்கிழங்கு அச்சின் ஆயுள் ஒரு நாள். முகம் பழுப்பாவது, வெட்டிய திசு காற்றோடு வினைபுரிவதால் வரும் நிறம். அதனால் அடர்ந்த வண்ணங்களுக்குக் கேடில்லை, இளமஞ்சளும் வெள்ளையும் மட்டும் சற்றே கலங்கும். ஆனால் முகம் பிசுபிசுத்துவிட்டாலோ ஓரம் மழுங்கிவிட்டாலோ அந்தக் கிழங்கு முடிந்தது. மதிய உணவுக்காக வேலையை நிறுத்தினால் அச்சைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைத்து, திரும்ப வந்ததும் முன்சொன்ன முறையில் வடியவிடுங்கள். ஒரு முறை நான் செதுக்கிய அச்சுகளை இரவில் மூடிய டப்பாவில் வைத்துவிட்டுப் போனேன். காலையில் அவை வழுவழுத்துப்போய், முதல் துணியிலேயே வடிவம் இழுபட்டு விழுந்தது. ஒரே நாளில் முடியாத வேலைக்கு, தாளில் தடம் எடுத்து வைத்துக்கொண்டு மறுநாள் புதுக் கிழங்கில் செதுக்குவதுதான் வழி.

எந்தக் காயைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் இங்கே முக்கியம். பாசாரில் (சந்தையில்) கிடைப்பவற்றுள் செதுக்குவதற்கு உருளைக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் சிறந்தவை. சர்க்கரைவள்ளி கெட்டியானது என்பதால் பிள்ளைகளின் கைக்குக் கடினம், ஆனால் கூர்மை நெடுநேரம் நிற்கும். கேரட் சிறு பொட்டுகளுக்கும் அகல் விளக்கின் சுடருக்கும் ஏற்றது. செங்குவாங் என்னும் கிழங்கு பார்வைக்கு வெள்ளையாகவும் வாகாகவும் இருந்தாலும் முழுக்கத் தண்ணீர்; அதை விட்டுவிடுங்கள்.

செதுக்கவே தேவையில்லாத காய்களும் உண்டு. குறுக்கே வெட்டிய வெண்டைக்காய் ஐந்தாறு மூலையுள்ள பூவைத் தருகிறது. பாவக்காய் வளைவு வளைவான வளையத்தைத் தருகிறது. சாவிக் கீரையின் (கடுகுக்கீரை வகை) அடித்தண்டைக் கட்டாக வெட்டினால் ரோஜாப் பூவே விழும். வெண்டைக்காயில் பிசின் இருப்பதால் வெட்டியதும் அச்சிட்டால் வண்ணம் வழுக்கிக்கொண்டு போகும். வெட்டி ஒரு மணி நேரம் காற்றில் வைத்துவிடுங்கள். சமையலுக்கு உதவாத முற்றிய வெண்டைக்காய் இந்த வேலைக்கு இளசைவிட நன்றாக உழைக்கிறது. சாப்பிடும் பொருளை இப்படிச் செய்யலாமா என்று பெரியவர்கள் மனம் வருந்துவதுண்டு. அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆகவே தோல் பச்சையாகிவிட்டதால் உண்ணக்கூடாத உருளைக்கிழங்கையும் முற்றிய வெண்டைக்காயையும் கடைக்காரரிடம் சொல்லிவைத்து வாங்குகிறேன். வண்ணம் பட்ட காயைக் குழம்பிலோ கோழிக்கோ ஆட்டுக்கோ போட்டுவிட வேண்டாம்.

வாழைத்தண்டின் குறுக்குவெட்டில் தெரியும் அறைகளைக் கண்டு ஆசைப்படாதவர் இல்லை. வெட்டிய தண்டிலிருந்து வடியும் சாறு துணியில் பட்டபோது நிறமற்றதாகத் தெரியும். பிறகு பழுப்புக் கறையாக மாறி, எத்தனை துவைத்தாலும் போகாது. வெள்ளைத் துணியில் வாழைத்தண்டைப் பயன்படுத்தாதீர்கள். அரக்கு, கருநீலம் போன்ற அடர்ந்த துணியில் மட்டும், அதுவும் தண்டைத் தண்ணீரில் ஊறவைத்து நன்றாகத் துடைத்த பிறகு, முயன்று பாருங்கள்.

சிவப்புத் துணியில் மஞ்சள் தெரியவில்லை

சாதாரண ஃபேப்ரிக் பெயிண்ட் பலவற்றில் அடித்துணியின் நிறம் ஊடுருவித் தெரியும். அடர்ந்த துணிக்கு, புட்டியில் ஊடுருவாத வகை என்று குறித்திருப்பதை வாங்குங்கள். பொன்னிறமும் வெள்ளியும் பெரும்பாலும் நன்றாகவே எடுபடும். இல்லையென்றால் முதலில் வெள்ளையில் பதித்து, காய்ந்தபின் அதே இடத்தில் மஞ்சளைப் பதிக்கலாம். ஆனால் கிழங்கை அதே இடத்தில் மீண்டும் பொருத்துவது எளிதன்று.

வண்ணம் காயவே மாட்டேன் என்கிறது

இந்த நாட்டின் மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை ஏறக்குறைய வழக்கமாகவே பெய்யும். தீபாவளி சரியாக அந்தக் காலத்தில்தான் வருகிறது. 2025இல் அக்டோபர் 20 அன்று வந்தது. ஆகவே அச்சு வேலையைக் காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்குள் முடித்துவிடுவதே எங்கள் வகுப்பின் நடைமுறை. மழை பெய்துகொண்டிருக்கும்போது பதித்த அச்சு, மறுநாள் காலையில் தொட்டாலும் சில்லென்று இருக்கும். அந்தச் சில்லிப்புத்தான் உள்ளே ஈரம் இருப்பதற்கான அடையாளம். மேலே தொட்டால் விரலில் ஒட்டாததை வைத்து முடிவு செய்யாமல், புறங்கையால் அச்சையும் வெறும் துணியையும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் காய்ந்துவிட்டது.

காயாத துணியை மடித்து வைத்தால், வண்ணம் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குள் கொடி கட்டி, மேல்விசிறியைச் சுழலவிட்டு, இரண்டு துணிகள் ஒன்றையொன்று தொடாதபடி விரித்துப் போடுங்கள். வெயில் அடிக்கும் நேரத்தில் வெளியே போடுவதில் தவறில்லை. மழை வந்ததும் ஓடிப்போய் எடுக்க வீட்டில் ஆள் இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள். இஸ்திரி போடாத அச்சில் மழைச்சாரல் பட்டால் அந்த இடம் கரைந்து போகும்.

துவைத்ததும் வெளுக்கிறது, உரிகிறது

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மற்ற பிழைகளைத் துணி கையில் இருக்கும்போதே திருத்தலாம், இதைத் துவைத்தபின் முழுமையாகத் திருத்த முடியாது. வண்ணத்தை நூலோடு பிணைப்பது சூடு. புட்டியில் எழுதியிருக்கும் நேரத்தையே பின்பற்றுங்கள். எதுவும் எழுதாவிட்டால் என் வழக்கம் இது: ஒரு முழு நாள் காய்ந்த பிறகு, துணியைப் புரட்டி, பருத்திக்கு உரிய சூட்டில், இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் இல்லாமல், ஒவ்வோர் இடத்திலும் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் நகர்த்திக்கொண்டே தேய்ப்பேன். பெரிய விரிப்புக்கு இது ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். நடுவில் சலித்துப்போய் விட்ட இடம் எது என்பதை முதல் துவையல் காட்டிக்கொடுத்துவிடும். இஸ்திரி போட்ட பிறகும் மூன்று நாள் பொறுத்து, தண்ணீரில் கையால் துவைத்து, நிழலில் உலர்த்துங்கள்.

சீராக வெளுத்தால் சூடு போதவில்லை; ஏடு ஏடாக உரிந்தால் வண்ணமே தவறு. என் முதல் ஆண்டில், வீட்டுச் சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட்டைப் பயன்படுத்தினேன். தீபாவளியன்று விரிப்பு பளிச்சென்று இருந்தது. துவைத்து மடித்தபோது மடிப்பு நெடுக வெடித்துத் தூளாகக் கொட்டியது. பள்ளிப் பிள்ளைகளின் போஸ்டர் வண்ணம் தண்ணீர் பட்டதும் கரைந்தே போய்விடும். பாலியஸ்டர் கலந்த துணியிலும் சாதாரண வண்ணம் சரியாகப் பிடிக்காது, அதற்குத் தேவையான சூட்டில் துணியும் தாங்காது. கடையில் வாங்கும்போதே முழுப் பருத்தியா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கடை வண்ணம் வேண்டாம், மஞ்சள்தூளைக் குழைத்து அச்சிடலாமா என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் கேட்கிறார். மஞ்சள் துணியில் அழகாகப் பிடிக்கும். ஆனால் வெயிலில் விரைவில் வெளுக்கும். சோப்பு பட்டதும் சிவந்துபோகும், சுண்ணாம்பு சேர்ந்த மஞ்சள் குங்குமமாவது போலவே. ஒரு நாள் பூசைக்கு விரிக்கும் துணிக்கு அது போதும். ஆண்டுதோறும் எடுத்து விரிக்கப்போகும் மேசை விரிப்புக்குப் போதாது. எந்த வண்ணமானாலும், அச்சிட்ட துணியின்மேல் பலகாரத்தை நேரடியாக வைக்காமல் வாழையிலையோ தட்டோ இட்டு வையுங்கள்.

ஏற்கெனவே வெளுத்துப்போன விரிப்பைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. துணி பருத்தியாக இருந்து, பழைய அச்சு உரியாமல் மங்கலாக மட்டும் தெரிந்தால், அதன்மேலேயே மீண்டும் பதிக்கலாம். பத்திரப்படுத்திய தாளைப் புதுக் கிழங்கில் கவிழ்த்துத் தேய்த்து, அதே வடிவத்தை ஒரு கோட்டளவு பெரிதாகச் செதுக்குங்கள். பழைய அச்சின் ஓரம் புதிய அச்சுக்குள் மறைந்துவிடும். முன்பு வைத்த புள்ளிகளுக்கு மறுபடியும் சுண்ணாம்புக் கட்டி தேட வேண்டியதில்லை, மங்கிய அச்சே இடத்தைக் காட்டும்.